காருடைமை

தமிழ் படிக்கும் மாணவனிடம் ‘கார்’ என்ற சொல்லுக்குப் பொருள் யாது என்று வினவினால், கருமை என்பான், மேகம் என்பான், மழைக்காலம் என்பான், உழவர் வீட்டுப் பிள்ளையாயின் ஒருவகை நெல் என்றும் சேர்த்துச் சொல்வான். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ‘கார் நாற்பது’ என்பது ஒன்று. மதுரைக் கண்ணங்கூத்தனார் இயற்றியது. கார்காலத்தில் மீண்டு வருவேன் என்று சொல்லிப் பிரிந்த தலைவனை எதிர்நோக்கித் தலைவி ஆற்றியிருப்பதும், அவன் வினைமுடித்துத் தேரேறி வருவதும் அந்நூலின் பொருள். அங்கே கார் வந்தால் தேர் வரும். இன்றோ காரே தேராகிவிட்டது. ‘மகிழுந்து’ என்று அதனை அழகாக மொழிபெயர்த்தவர்களும் உண்டு. பதுளைக் கடைத்தெருவில் அச்சொல்லைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பவர் எவருமில்லை. ஆகையால் நான் கார் என்றே எழுதுகிறேன். அன்றியும், அது மகிழ்வைத்தான் தருகிறதா என்பதே இங்கு ஆராயப்புகும் பொருளாதலின், விடையைப் பெயரிலேயே வைத்துவிடுவது முறையாகாது.

வள்ளுவர் ‘உடைமை’ என்று முடியும் தலைப்புகள் பலவற்றை அதிகாரங்களுக்கு இட்டிருக்கிறார். அன்புடைமை, அடக்கமுடைமை, ஒழுக்கமுடைமை, பொறையுடைமை, அறிவுடைமை, ஊக்கமுடைமை என அவை தொடரும். அவற்றுள் கையால் தொட்டுக் காட்டத்தக்க உடைமை ஒன்றேனும் இல்லை. செல்வத்தைப் பற்றியே பேசவந்த இடத்திலும் ‘பொருளுடைமை’ என்னாது ‘பொருள் செயல்வகை’ என்றார். உடைமை என்பது மனிதனின் உள்ளே இருப்பது. வெளியே இருப்பதை நாம் ஈட்டுகிறோம், காக்கிறோம், இழக்கிறோம் என்பது அவர் கருத்துப்போலும். ஆனால் கார் ஒன்றை வாங்கியவனுக்கு அது வாசலில் நிற்கும் வெறும் பொருளாக இருப்பதில்லை. அவன் நேரத்திலும், கடனிலும், நட்பிலும், பேச்சிலும் புகுந்துவிடுகிறது. ஆதலால் ‘காருடைமை’ என்று ஓர் அதிகாரம் இக்காலத்துக்கு வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கீழைத்தேயக் கல்லூரியில் பண்டிதருக்குப் படித்து, முப்பது ஆண்டுகளாக ஊவாவில் தமிழ் கற்பித்து, பழைய சிறிய கார் ஒன்றை ஏழாண்டுகளாக ஓட்டியும் வருபவன் என்ற உரிமையில் இதனை எழுதுகிறேன்.

வழி யாருக்காக வந்தது?

காரைப் பற்றிப் பேசுமுன் அது ஓடும் வழியைப் பற்றிப் பேசவேண்டும். ஊவா தனி மாகாணமானது 1886 ஆம் ஆண்டில். கோப்பிப் பயிரை நோய் அழித்தபின் தேயிலை மலைகளைப் போர்த்துவந்த காலம் அது. அப்புத்தளை, பண்டாரவளை, நமுனுகுலை, பசறை, மடுல்சீமை என மலைதோறும் தோட்டங்கள் எழுந்தன. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தூரம் வரும் இருப்புப்பாதை 1924 ஆம் ஆண்டில் பதுளையை அடைந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம். தெமோதரையில், நிலையத்தைக் கடந்த பாதை சுற்றிவந்து அந்நிலையத்தின் கீழேயே நுழைந்து செல்லும் வளையம். உலகத்தார் இன்று வந்து படம் பிடித்துச் செல்லும் இவ்விரண்டும் தோட்டத்து மனிதரின் பயணத்தை எண்ணி அமைக்கப்பட்டவையல்ல. தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகம் சேரவேண்டும். அரிசி மூட்டை மலைக்கு ஏறவேண்டும். தோட்டத்து வழிகளும் அவ்வாறே அமைந்தன. துரையின் பங்களாவுக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் வண்டி செல்லும் வழி இருக்கும். லயத்துக்குப் போவது பெரும்பாலும் ஒற்றையடிப் பாதைதான்.

அவ்வழிகளில் தொழிலாளி நடந்தான். அவ்வாறு நடந்து வேறிடம் செல்வதற்கும் அவனுக்கு முழுச் சுதந்திரம் இருந்ததில்லை. ‘துண்டு’ என்றொரு முறை அன்று இருந்தது. கங்காணியும் அவன் ஆட்களும் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமாயின், இவர்கள் பட்ட கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். கடன் தீராமல் ஆள் நகர இயலாது. நகர்ந்தாலும் கடன் அவனுடன் கூடவே நகரும். 1921 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இத்துண்டு முறையைத் தடைசெய்தது.

இப்பழைய கதையை இங்கே எடுத்ததற்குக் காரணம் உண்டு. பாட்டன் கடன்பட்டிருந்ததால் நகர முடியாதிருந்தான். பேரப்பிள்ளை நகர்வதற்காகக் கடன்படுகிறான். முன்னது வலிந்து கட்டப்பட்ட தளை. பின்னது தானே விரும்பி ஏற்றது. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி, எங்கள் மலையில் ஒருவன் கார் வாங்குவதன் பொருள் விளங்காது.

கார் தரும் விடுதலை

என்னிடம் படித்த ஒருத்தி இன்று ஆசிரியை. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவள். தாய் கொழுந்து பறித்தவள். தந்தை தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்த லயத்திலிருந்து முதன்முதல் ஆசிரியத் தொழிலுக்கு வந்தவளும் அவளே. முதன்முதல் கார் வாங்கியவளும் அவளே. கார் வந்த அன்று தேங்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் மாற்றி மாற்றி ஏற்றிக் கோயில்வரை கொண்டுபோய் இறக்கினாளாம். துரைமாரின் கார் வரும்போது ஓரமாய் ஒதுங்கி நின்ற வழியில் தன் மகள் கார் ஓட்டி வருவதை அந்தத் தாய் பார்த்து நின்றிருப்பாள். அந்தக் காட்சிக்கு விலை சொல்லக் கணக்குப்பிள்ளை எவராலும் ஆகாது.

அந்தக் கார் வந்த சில மாதங்களுக்குப் பின், ஒரு மழை இரவில் அவள் கதவை முதியவர் ஒருவர் தட்டினார்.

“தாயி, பேத்திக்கு மூச்சு முட்டுது. ஆட்டோக்காரப் பயல் போன எடுக்க மாட்டேங்கிறான். நீதான் பார்க்கணும்.”

“குழந்தைய நல்லா போத்தித் தூக்கிட்டு வாங்க தாத்தா. நான் வண்டிய எடுக்கிறேன்.”

நள்ளிரவுக்கு முன் குழந்தை பதுளைப் பெரியாஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது, பிழைத்துக்கொண்டது. அந்தத் தோட்டத்தில் முன்னெல்லாம் நோயாளியை எப்படி இறக்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். கம்பளியைக் கம்பில் கட்டித் தூளியாக்கி, இருவர் முன்னும் பின்னும் தூக்கிக்கொண்டு, பெருவழி வரும்வரை நடப்பார்கள். அல்லது கொழுந்து லொறி வரும்வரை காத்திருப்பார்கள். குறிஞ்சித் திணைப் பாடல்களில் தோழி தலைவனை இரவில் வரவேண்டாம் என்று விலக்குவாள். வழி கொடியது, இருள் செறிந்தது, காட்டாறு பெருகும், விலங்கு இயங்கும் என்பாள். வகுப்பில் அதனை நாங்கள் ‘வழியின் ஏதம்’ என்று துறை வகுத்துக் கற்பிக்கிறோம். மலையில் வாழ்பவனுக்கு அது இலக்கியத் துறை மட்டுமன்று. இரவு என்பது வழி அடைபடும் நேரம். அந்த இரவைத் திறந்து வைக்கும் திறவுகோல் ஒன்று கையில் இருப்பதே கார் தரும் முதற்பெரும் விடுதலை.

ஏனைய விடுதலைகளும் சிறியனவல்ல. அந்த ஆசிரியையே சொன்னாள்: பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் பெண் எத்தனை கைகளையும் எத்தனை கண்களையும் விலக்கிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது என்பதை ஆண்கள் அறியமாட்டார்கள் என்று. முழங்கால் வலிக்கும் தாயைத் திருவிழாவுக்கு அழைத்துச் செல்லலாம். பாடசாலை முடிந்தபின் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் படிப்பிக்கலாம். கடைசி பஸ் போய்விடுமே என்று கடிகாரத்தைப் பார்க்கவேண்டியதில்லை. கார் வைத்திருப்பது ஆடம்பரம் என்று கொழும்பில் இருந்துகொண்டு ஒருவர் சொல்லலாம். மலையிலே அச்சொல் பொருந்தாது.

கார் கேட்கும் விலை

இனி விலையைப் பார்ப்போம். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களை மீண்டும் இறக்குமதி செய்ய வழிபிறந்தது 2025 பெப்ரவரி முதலாந் திகதி. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் புதிய கார் நாட்டுக்குள் வருவது பெரும்பாலும் நின்றிருந்தது. ஆகவே பழைய கார் பொன்னாயிற்று. உலகில் எங்கும் ஓட ஓட விலை குறையும் பொருள் கார். நம் நாட்டில் ஓடி ஓடித் தேய்ந்த கார் வாங்கிய விலைக்கு மேல் விற்கப்பட்ட விந்தையைக் கண்டோம். தடை நீங்கியபின்னும் வரி நீங்கவில்லை. இயந்திரத்தின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடும் உற்பத்தி வரியும், சுங்க வரியும், பிறவும் சேர்ந்து, காரின் விலையைவிட அதன்மேல் ஏறிய வரியின் சுமை பெரிதாகத் தோன்றுமளவுக்கு வளர்ந்திருக்கின்றன.

ஆசிரியர் சம்பளத்தில் அதனை ஒரே முறையில் வாங்குவார் எவருமில்லை. லீசிங் எடுக்கவேண்டும். மாதந்தோறும் தவணை. ஆண்டுதோறும் காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம். சமவெளியில் ஓடும் காரைவிட மலையில் ஓடும் கார் விரைவில் தேயும். பசறையிலிருந்து இறங்கும்போது பிரேக் தேய்கிறது. ஏறும்போது கிளச் தேய்கிறது. தோட்டத்து வழியில் டயரும் தேய்ந்து, அடிப்பாகமும் கல்லில் அடிபடுகிறது. “சம்பளம் வந்தா மொதல்ல கார் சாப்பிடுது சேர், மிச்சத்தத்தான் நாங்க சாப்பிடுறோம்” என்று அந்த ஆசிரியை ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மயிற்பீலியே ஆனாலும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் உவமை சொன்னார். இக்காலத்தில் அந்த உவமை தலைகீழாயிற்று. வண்டி மனிதனை ஏற்றுவதற்கு மாறாக, மனிதன்மேல் வண்டி ஏறி அமர்ந்தால் முறிவது அவனுடைய அச்சு.

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாயாயிற்று. அத்தியாவசியச் சேவைகளுக்கன்றி ஏனையோருக்கு எரிபொருள் வழங்குவது சிலநாட்கள் நிறுத்தப்பட்டது. ஜூலையில் விலை 450 ரூபாய்க்கு இறங்கியது. அதன்பின் கியூ.ஆர். முறை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த 20 லீற்றரின் விலை 9000 ரூபாய். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த 1000 ரூபாய். ஒரு காரின் ஒரு வாரத் தாகம், ஒரு தொழிலாளியின் ஒன்பது நாள் உழைப்பு. எரிபொருள் நிலைய வரிசையில் இரவு முழுதும் காருக்குள் உறங்கி விழித்த காலத்தில், நாம் காரை வைத்திருக்கிறோமா, கார் நம்மை வைத்திருக்கிறதா என்ற ஐயம் பலருக்கும் எழுந்தது.

வீயன்னாவில் பிறந்த இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர், ஆற்றலும் சமநீதியும் என்ற பொருள்பற்றி 1974 ஆம் ஆண்டளவில் எழுதிய சிறு நூலில் ஒரு கணக்குச் சொன்னார். அமெரிக்கர் ஒருவர் காரில் அமர்ந்திருக்கும் நேரத்தோடு, அதற்குரிய பணத்தை ஈட்ட உழைக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு 1600 மணி நேரத்துக்கு மேலாகிறது; அவர் ஓடிய தூரமோ 7500 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு. விரைந்து நடப்பவன் வேகத்தைவிட அது சற்றே கூடுதல். எங்கள் தவணையையும், எரிபொருளையும், மாதச் சம்பளத்தையும் வைத்து இதே கணக்கை நாம் போட்டால், வருவது நடையின் வேகமா, தவழ்வதன் வேகமா என்று நான் சொல்லத் துணியவில்லை. மாணவர்கள் கணித ஆசிரியரிடம் கேட்டறியலாம்.

அத்துணைச் செலவிட்டு நகருக்குள் வந்தபின் காரை நிறுத்த இடமில்லை. பதுளை, ஆறு சூழ்ந்த மலைக்கிண்ணத்துக்குள் அடங்கிய பழைய ஊர். முதியங்கனை விகாரையைச் சுற்றியும் கடைத்தெருவிலும் உள்ள வீதிகள் மாட்டுவண்டிக் காலத்து அகலத்தைக் கொண்டவை. ஐந்து நிமிட வேலைக்கு வந்தவர் இடந்தேடி அரைமணி நேரம் சுற்றுகிறார். பெருநகரங்கள் இந்நோய்க்கு மருந்து தேடின. சிங்கப்பூரில் 1990 ஆம் ஆண்டு முதல் கார் வைத்திருப்பதற்கே உரிமைச் சான்றிதழ் ஒன்றை ஏலத்தில் எடுக்கவேண்டும். அதன் ஆயுள் பத்தாண்டு. இலண்டனில் 2003 ஆம் ஆண்டு முதல் நகரின் நடுப்பகுதிக்குள் கார் நுழையக் கட்டணம் உண்டு. அந்நகரங்கள் காரை நிறுத்திவிட்டு ஏறிச்செல்ல வேறு வண்டிகளையும் வைத்திருந்தன என்பதை நாம் கவனிக்கவேண்டும். எங்கள் ஊரில் நகரின் நெருக்கத்தைக் குறைக்கக் கார்க்காரனை இறங்கச் சொன்னால், அவன் எதில் ஏறுவான்?

எழுதப்படாத செலவு

இங்கேதான் நான் சொல்லவந்த பொருள் தொடங்குகிறது. மேலே சொன்ன செலவுகள் அனைத்தும் கார் உடையவன் செலுத்துவன. அவன் செலுத்தாத ஒரு செலவு உண்டு. அதனைக் காரில்லாதவர் செலுத்துகிறார்கள்.

தனியார் கம்பனிகள் நடத்திய பஸ் சேவைகளை அரசு எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தது 1958 ஜனவரி முதலாந் திகதி. இலாபம் தராத வழியிலும் பஸ் ஓடவேண்டும் என்ற எண்ணம் அம்முயற்சியில் இருந்தது. அந்த எண்ணத்தின் பயனாக மலைமேல் ஏறிய பஸ்கள் பல. எனக்குத் தெரிந்த வழி ஒன்றில், மாலை ஆறு மணியளவில் நகரிலிருந்து புறப்பட்டுச் சில தோட்டங்களைத் தொட்டுச் செல்லும் பஸ் ஒன்று நெடுங்காலம் ஓடியது. ஆசிரியர்கள், தபாற்கந்தோர் ஊழியர், தோட்டத்து மருந்தாளர், கடைகளில் வேலைசெய்யும் பெண்கள், உயர்தர வகுப்பு மாணவர் எல்லாரும் அதிலேதான் போவார்கள். அது இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் ஆசிரியர் அறையில் ஒரு விண்ணப்பம் தயாராகும். சிங்களத்திலும் தமிழிலும் எழுதுவோம். நாற்பது கையொப்பம் சேரும். அடுத்த வாரம் பஸ் வரும்.

பின்னர் ஆசிரியர் ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்கினார். இன்னொருவர் கார் வாங்கினார். மருந்தாளரும் வாங்கினார். ஒவ்வொருவர்க்கும் தக்க காரணம் இருந்தது. ஒருவரையும் குறை சொல்ல இயலாது. பஸ்ஸில் ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததால் வருமானம் குறைந்தது. வருமானம் குறைந்த வழியில் பழுதான பஸ்ஸுக்கு மாற்று வரவில்லை. நாள்தோறும் வந்தது வாரத்தில் நான்கு நாள் வந்தது. பின் வருமோ வராதோ என்றாயிற்று. பின் நின்றே போயிற்று. அது நின்ற செய்தியை ஆசிரியர் அறையில் எவரும் பெரிதாகப் பேசவில்லை. விண்ணப்பம் எழுதத் தெரிந்த கைகள் எல்லாம் அப்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன.

எஞ்சியவர் யார்? கடையில் வேலை செய்யும் பெண்பிள்ளைகள். அவர்கள் நால்வராய்ச் சேர்ந்து முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் கூலி, அன்றைய உழைப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. எஞ்சியவர் மாணவர்கள். என் மாலை வகுப்பில் தமிழை விரும்பிக் கற்கும் மாணவி ஒருத்தி நான்கு மணிக்கே எழுந்துவிடுவாள். யாப்பு நடத்தும்போது எழுத்து, அசை, சீர் என்று வந்து, தளை தொடங்கும் வேளையில் அவள் பையை எடுத்துக்கொண்டு வணங்கிவிட்டுப் போவாள். நாலேகால் மணி பஸ்ஸை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. தளை என்ற சொல்லுக்குக் கட்டு என்றும் பொருள் உண்டு. செய்யுளின் தளையை அறியாமலே அவள் வாழ்வின் தளைக்குள் நடந்துபோனாள். அவ்வாண்டு இறுதியில் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

தனக்கென ஒரு வழி கிடைத்தவன் பொதுவழியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுகிறான்: இதுவே காருடைமையின் எழுதப்படாத செலவு. கொழும்பிலும் சென்னையிலும் இது நிகழாமலில்லை. ஆனால் அங்கே பஸ்ஸுக்காகக் குரல்கொடுக்கப் பலர் இருப்பர். தோட்டத்தில் எழுதவும் பேசவும் வல்ல சிலரே இருக்கின்றனர். அச்சிலரும் ஒருவர்பின் ஒருவராகக் காருக்குள் ஏறிக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டால், லயத்தின் குரலை யார் நகருக்குக் கொண்டுபோவார்?

தோட்ட வழிகளின் சட்டக்கதையும் இதனையே காட்டுகிறது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்களும் வாக்களித்துத் தெரிவுசெய்யும் சபை, அவர்கள் வாழும் லயத்து வழிக்கு ஒரு வண்டிக் கல் கொட்ட இயலாதிருந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2018 ஆம் ஆண்டிலேதான் அச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் திறந்த கதவுக்குள் போய்க் கேட்பதற்கு இனி ஆள் வேண்டும். வழி சீராகாமல் பஸ் ஏறாது. பஸ் ஏறாவிட்டால் எல்லாரும் கார் வாங்கவேண்டும். எல்லாராலும் வாங்க இயலாது.

அச்சமும் பொறுப்பும்

இதற்கு மறுப்பாக ஒன்று சொல்லப்படும். பஸ் பாதுகாப்பானதா? 2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து வந்த பஸ் பசறைக்கு அண்மையில் பள்ளத்தில் வீழ்ந்ததே. 2025 செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் வீழ்ந்ததே. ஒவ்வொன்றிலும் பத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயினவே என்பார்கள். உண்மை. அந்நாட்களில் எங்கள் ஊர்களில் அடுப்பெரியாத வீடுகளை நானும் கண்டேன். பிள்ளைகளைப் பஸ்ஸில் அனுப்ப அஞ்சும் தாய்மாரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆயினும், அந்த அச்சத்தை நம்முள் பணமுடையோர் மட்டும் விலைகொடுத்துத் தீர்த்துக்கொண்டால், பணமில்லாதவர் அதே பள்ளத்தின் ஓரமாக, அதே பழுதான பஸ்ஸில், நாளும் போய்க்கொண்டிருப்பர். வீதியோரத் தடுப்புச் சுவர் வேண்டும், பஸ்ஸின் பிரேக்கைப் பார்க்கவேண்டும், சாரதிக்கு ஓய்வு வேண்டும் என்று கேட்கவேண்டிய நேரம், அஞ்சி விலகும் நேரம் அன்று.

வீதியில் ஊர்தி செலுத்துவோன் பொறுப்பைத் தமிழர் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. திருவாரூர் வீதியில் இளவரசன் தேர்க்காலில் ஆன்கன்று ஒன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சிமணியை அசைத்தது. சோழன் தன் மகன் என்றும் பாராமல் நீதி செய்தான் என்று பெரியபுராணம் கூறும். அகநானூற்றிலே வினைமுடித்து மீளும் தலைவன் ஒருவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்குமென்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டி வருகிறான். தேருக்குள் இருந்தவன் தேருக்கு வெளியே இருந்த உயிரை எண்ணினான் என்பதே அக்கதைகளின் சாரம். எங்கள் போன்ற மலைநாட்டுத் தலைவன் பாரியோ, படர்வதற்குக் கொழுகொம்பில்லாத முல்லைக்குத் தேரையே கொடுத்தான். கொடுத்துவிட்டுப் பறம்புமலைக்கு அவன் நடந்துதான் ஏறியிருக்கவேண்டும் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. மாணவர்கள் சிரிப்பார்கள். காரை முல்லைக்குக் கொடுக்கும்படி நான் எவரையும் கேட்கவில்லை. லீசிங் கம்பனியார் அதற்கு உடன்படவும் மாட்டார்கள்.

கேட்பது சிறிது. கார் வாங்குங்கள்; வயது முதிர்ந்த தாயை ஏற்றிச் செல்லுங்கள்; இரவில் கதவு தட்டும் ஓசை கேட்டால் எழுந்திருங்கள். ஆனால் பஸ் விண்ணப்பத்தில் கையொப்பமிடுவதை விடாதீர்கள். ஆண்டில் ஒரு வாரமேனும் பஸ்ஸில் போய்வாருங்கள். எந்தத் தரிப்பிடத்தில் கூரையில்லை, எந்தப் பஸ் நின்றுபோயிற்று என்பது அப்போதுதான் தெரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மலைகள் சரிந்தன, வீதிகள் மூடுண்டன, இருப்புப்பாதையும் சிதைந்தது. சரிந்த மண்ணின் முன்னே கார் உடையவனும் இல்லாதவனும் ஒரே வரிசையில் நின்றார்கள். மண்வெட்டி எடுத்தவர்களே வழியைத் திறந்தார்கள். பொதுவழி அடைபட்டால் தனிவழி என்று ஒன்று இல்லை என்பதை மலை அன்று சொல்லிற்று.

சென்ற மாதம் அந்த ஆசிரியை ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தாள். நின்றுபோன மாலை பஸ்ஸை மீண்டும் விடும்படி எழுதிய விண்ணப்பம். சந்திப்பிழை பார்த்துத் தரும்படி கேட்டாள்.

“உனக்குத்தான் கார் இருக்கிறதே அம்மா?” என்றேன்.

“கார்ல அஞ்சு பேருக்குத்தான் எடம் சேர். ரோட்டுல நிக்கிறது நாப்பது பேரு” என்றாள்.

ஓரிடத்தில் மட்டும் ஓர் ஒற்று மிகவேண்டியிருந்தது. அதனை இட்டுக் கொடுத்தேன். முதற் கையொப்பம் அவளுடையதாக இருந்தது, இரண்டாவது என்னுடையது. கீழே இன்னும் நிறைய இடம் இருக்கிறது.